விழாத கோல்களின் கணக்கு: டோனி ஆடம்ஸ் வழியே ஒரு டிஃபெண்டரைப் புரிந்துகொள்வது

டோனி ஆடம்ஸ் லண்டனின் ஆர்சனல் கால்பந்து கிளப்புக்காக 669 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல் 48. கிட்டத்தட்ட பதினான்கு ஆட்டத்துக்கு ஒன்று. உலகக் கோப்பை வரும்போது மட்டும் கால்பந்து பார்க்கிற ஒருவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால், "இவருக்கா மைதானத்துக்கு வெளியே சிலை வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். கிரிக்கெட்டில் ஓட்டம் இருக்கிறது, விக்கெட் இருக்கிறது, ஆளை எடைபோட எண் கையில் கிடைத்துவிடும். கோல் விழாமல் தடுக்க நிற்கும் ஒரு டிஃபெண்டர் நாள் முழுக்கப் பாடுபட்டது பலித்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. விழாத கோலுக்கு யார் கணக்கு எழுதுவது?

ஆகவே டிஃபெண்டர் என்பவர் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்து போவதுதான் எளிது. நான் ஆடம்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1966 அக்டோபரில் லண்டனுக்குக் கிழக்கே ரோம்ஃபோர்டில் பிறந்தவர், பள்ளிச் சிறுவனாக ஆர்சனலுக்குள் வந்து 2002-ல் ஓய்வு பெறும்வரை வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடாதவர், 14 ஆண்டுகள் அந்த அணியின் கேப்டன். இவரைவிட வேகமானவர்கள் உண்டு, காலில் பந்தை வைத்து வித்தை காட்டுபவர்கள் ஏராளம். ஆனால் தடுப்பாட்டம் என்ற தொழிலைப் பாடமாகச் சொல்லித்தர இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அவர் நின்ற இடம். கோல்கீப்பருக்கு முன்னால் பொதுவாக நான்கு டிஃபெண்டர்கள் நிற்பார்கள். இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் ஃபுல்பேக். நடுவில் நிற்கும் இருவர் சென்டர்பேக். எதிரணியின் கோல் அடிக்கும் ஆள் வந்து மோதுவது இந்த நடு இருவர் மேல்தான். உயரப் பந்தைத் தலையால் முட்டித் தள்ள வேண்டும், குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவனை இடம் மாற்றி நிற்கச் சொல்லிக் கத்த வேண்டும். ஆடம்ஸ் இதில் ஒருவர், 6 ஆம் எண் சட்டை.

வயதான ஆங்கிலேயர்கள் சென்டர்பேக்கை இன்றும் 'சென்டர் ஹாஃப்' என்பார்கள். ஹாஃப் என்றால் நடுக்களத்து ஆள். பின்னால் நிற்பவருக்கு ஏன் நடுக்களத்துப் பெயர்? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதுவும் ஆர்சனலைத் தொட்டே போகிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆஃப்சைடு விதியைச் சொல்லாமல் முடியாது. பலரும் பயப்படும் இடம் இது. பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாகப் போவோம். இது புரிந்தால் ஆடம்ஸின் பாதி வாழ்க்கை புரிந்தமாதிரி.

உங்கள் அணிக்காரர் உங்களுக்குப் பந்தை அடிக்கிறார். அவர் கால் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி, கோலுக்குக் கிட்டே நின்று பந்தை வாங்கினால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர். ஆகவே கடைசிக்கு முந்தின ஆள் என்றால் நடைமுறையில் கடைசி டிஃபெண்டர். 'பந்து என்னிடம் வந்தபோது எனக்கு முன்னால் டிஃபெண்டர் இருந்தானே' என்று வாதாட முடியாது. பந்து கிளம்பிய நேரம்தான் கணக்கு, வந்து சேர்ந்த நேரம் இல்லை.

இப்போது இதை டிஃபெண்டரின் பக்கமிருந்து பாருங்கள். மைதானத்தில் ஆஃப்சைடுக்கென்று சுண்ணாம்புக் கோடு எதுவும் கிடையாது. கடைசி டிஃபெண்டர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் அந்தக் கோடு. அவர் இரண்டு அடி முன்னால் வந்தால் கோடும் கூடவே வரும். எதிரணி பந்தை அடிக்கக் காலை ஓங்கும்போது நான்கு டிஃபெண்டர்களும் ஒரே சமயத்தில் ஓரடி முன்னால் வைத்தால், ஒரு நொடிக்கு முன்புவரை ஒழுங்கான இடத்தில் நின்ற எதிரணி ஆள், தான் எதுவும் செய்யாமலேயே ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். ஆஃப்சைடு பொறி என்பது இவ்வளவுதான்.

சொல்ல எளிது. நால்வரில் ஒருவர் கால் நொடி தூங்கினாலும் எல்லாம் பாழ், ஏனென்றால் கோடு எப்போதும் கடைசி ஆளோடு இருக்கிறது. மூன்று பேர் முன்னால் வந்து ஒருவர் பின்தங்கினால் எதிரணி ஆளுக்குக் கோல்கீப்பர் மட்டும் எதிரே, கதவு விரியத் திறந்த வீடு. கபடியில் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்களே, அதில் ஒருவன் கையை விட்டால் பாடி வந்தவன் கோட்டுக்கு ஓடிவிடுவான். அதே கதைதான். இங்கே கைகோக்க முடியாது, குரலால் கோக்க வேண்டும். அந்தக் குரல் ஆடம்ஸுடையது.

சரி, அந்தப் பெயர்க் கதை. 1925 வரை, பந்தை வாங்குபவருக்கு முன்னால் எதிரணியில் இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. டிஃபெண்டர்களுக்குக் கொண்டாட்டம். நியூகாசில் அணியின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறி வைப்பதையே தொழிலாக்கி ஊர் ஊராகத் திட்டு வாங்கினார். ஆட்டம் அடிக்கடி நின்று சலிப்பாகிப்போனதால் 1925-ல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். கோல் மழை கொட்டியது. அந்த வருடம் அக்டோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் 7-0 என்று அடிவாங்க, புதிதாக வந்திருந்த மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் யோசித்தார். நடுக்களத்தில் நின்ற சென்டர் ஹாஃபை அப்படியே பின்னால் இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவில் நிறுத்தினார். ஆள் இடம் மாறினார், பெயர் மாறவில்லை. ஆடம்ஸ் செய்த வேலைக்கே ஒரு வகையில் அந்தக் கிளப்தான் பிறந்த வீடு.

ஆடம்ஸின் முதல் ஆட்டம் 1983 நவம்பர் 5, சண்டர்லேண்டுக்கு எதிராக. பதினேழு வயது. ஆர்சனல் 2-1 என்று தோற்றது. ஒரு முன்கள ஆட்டக்காரன் பதினேழு வயதில் வந்து நான்கு முறை கோட்டைவிட்டு ஐந்தாம் முறை கோல் அடித்தால் மறுநாள் நட்சத்திரம். டிஃபெண்டருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நாற்பது முறை சரியாகச் செய்து ஒருமுறை சறுக்கினால் அந்த ஒன்று மட்டும்தான் ஊர் வாயில் நிற்கும். அதனால்தான் இந்த இடத்துக்குச் சிறு வயதுப் பையன்களை இறக்க மேலாளர்கள் இன்றும் தயங்குகிறார்கள்.

1986-ல் ஜார்ஜ் கிரகாம் மேலாளராக வந்தார். கண்டிப்பான ஸ்காட்லாந்துக்காரர். வின்டர்பர்னை விம்பிள்டனிலிருந்து எடுத்தார், லீ டிக்சன், ஸ்டீவ் போல்ட் இருவரையும் ஸ்டோக் சிட்டியிலிருந்து எடுத்தார். யாரும் அப்போது பெரிய பெயர்கள் இல்லை. நடுவில் ஏற்கெனவே ஆடம்ஸ். 1988 தொடக்கத்தில், 21 வயதில், அவரைக் கேப்டன் ஆக்கினார். அப்புறம் பயிற்சி, பயிற்சி, மறுபடி பயிற்சி. நால்வருக்கும் இடையிலான தூரம் மாறாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அவர்கள் ஆடியதைப் பார்த்தால் கயிறு கட்டியமாதிரிதான் இருக்கும். ஒரு பந்து வரும், நால்வரும் ஓரடி முன்னால், நான்கு கைகள் உயரும், லைன்ஸ்மேனைப் பார்த்து நான்கு முகங்கள் திரும்பும். இது இங்கிலாந்தில் எந்த அளவுக்கு ஊரறிந்த காட்சி என்றால், 1997-ல் வந்த ஓர் ஆங்கில நகைச்சுவைப் படத்தில், வேலை இழந்த ஆட்கள் மேடை நடனத்தில் ஒரே வரிசையாக அடி எடுத்துவைக்க முடியாமல் திணறும்போது, ஆர்சனலின் ஆஃப்சைடு பொறியை நினைத்துக்கொள் என்று ஒருவர் சொன்னதும் சட்டென்று எல்லாருக்கும் வந்துவிடும்.

இளம் கேப்டனின் பாதை மலர் தூவியதாக இல்லை. 1988 கோடையில் ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து மூன்று ஆட்டத்திலும் தோற்றது. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தபோது அவரைக் காவல்காக்க வேண்டியவர்களில் ஒருவர் ஆடம்ஸ். அடுத்த ஏப்ரலில் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 1-1 டிரா. அந்த இரண்டு கோலையும் அடித்தவர் அவரே, ஒன்று எதிரணியின் வலையில், இன்னொன்று சொந்த வலையில். மறுநாள் ஒரு நாளிதழ் அவர் தலையில் கழுதைக் காது வரைந்து படம் போட்டது. அதன்பிறகு எதிரணி மைதானங்களில் எல்லாம் கழுதைக் கத்தல்தான் வரவேற்பு. அடித்த கோலை யாரும் நினைவில் வைக்கவில்லை பாருங்கள்.

கழுதை என்ற பேர் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1989 மே 26. இங்கிலாந்து லீக் பட்டம் யாருக்கு என்பது கடைசி ஆட்டத்தில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில். ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் கோப்பை. இந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஆலன் ஸ்மித்தின் முதல் கோலையும், 90 நிமிடம் முடிந்தபின் சேர்த்த நேரத்தில் மைக்கேல் தாமஸ் அடித்த இரண்டாம் கோலையும் சொல்வார்கள். இரண்டு அணிக்கும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம், அடித்த கோல்கள் அதிகம் என்பதால் பட்டம் ஆர்சனலுக்கு. எல்லாம் சரி. ஆனால் கிரகாம் அன்றைக்கு என்ன செய்தார்? இரண்டு கோல் அடித்தே தீரவேண்டிய ஆட்டத்தில் ஒரு டிஃபெண்டரைக் கூடுதலாக இறக்கினார். ஆடம்ஸ், போல்ட், டேவிட் ஓலியரி என்று மூன்று சென்டர்பேக்குகள். லிவர்பூல் ஒரு கோல் அடித்துவிட்டால் ஆர்சனலுக்கு மூன்று தேவைப்படும், மூன்று நடக்கிற காரியம் இல்லை. முதலில் கதவைச் சாத்து, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. லிவர்பூலின் பக்கம் கடைசிவரை பூஜ்யம். அந்தப் பூஜ்யம்தான் அன்றைய ஆட்டம் என்பேன்.

இரண்டு வருடம் கழித்து 1990-91 பருவத்தில் ஆர்சனல் மறுபடி பட்டம் வென்றது. 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் 18, தோல்வி ஒன்றே ஒன்று. அந்த ஒரே தோல்வி வந்த 1991 பிப்ரவரியில் கேப்டன் சிறையில் இருந்தார். குடித்துவிட்டுக் காரை ஓட்டிச் சுவரில் மோதிய வழக்கில், 1990 டிசம்பரில் அவருக்கு நான்கு மாதத் தண்டனை. அதில் பாதியைக் கழித்துவிட்டு வெளியே வந்தார், ஆடினார், மே மாதம் கோப்பையைத் தூக்கினார். இது ஒன்றும் பெருமையாகச் சொல்லும் கதை இல்லை, அவரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைய இங்கிலாந்துக் கால்பந்தில் ஆட்டம் முடிந்ததும் குடிப்பது அணி ஒற்றுமையின் ஒரு பகுதி என்றே கருதப்பட்டது. கேப்டன் முன்னால் நின்று நடத்த, மற்றவர்கள் பின்னால். போதையோடு களம் இறங்கிய நாளும் உண்டு என்று பின்னாளில் அவரே சொன்னார்.

விதிகளும் அவரைச் சும்மா விடவில்லை. 1990-ல் ஆஃப்சைடைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதுவரை டிஃபெண்டருக்கு நேர்க்கோட்டில் நின்றாலே குற்றம், அதன்பின் நேராக நின்றால் பரவாயில்லை, தாண்டினால்தான் குற்றம். பொறி வைப்பவருக்கு இது சில அங்குல நஷ்டம், அந்தத் தொழிலில் அங்குலம்தான் மூலதனம். 1992-ல் இன்னொன்று: டிஃபெண்டர் காலால் வேண்டுமென்றே திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. நெருக்கடி வந்தால் கோல்கீப்பரிடம் தள்ளி, அவர் பந்தைக் கட்டிக்கொள்ள, எல்லாரும் மூச்சு வாங்கும் பழைய வசதி போயிற்று. டிஃபெண்டருக்கும் காலில் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்ற காலம் அங்கே தொடங்குகிறது.

அதையும் தாண்டி அந்த அணி சில வருடங்கள் கோப்பைகள் வென்றது. 1993-ல் இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பைகளான எஃப்.ஏ. கோப்பையும் லீக் கோப்பையும் ஒரே பருவத்தில். எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் பரம எதிரியான டாட்டன்ஹாமை 1-0 என்று வீழ்த்திய அந்த ஒரு கோல் ஆடம்ஸின் தலையிலிருந்து. லீக் கோப்பை இறுதியில் வெற்றி கோல் அடித்த ஸ்டீவ் மோரோவை மகிழ்ச்சியில் தோளில் தூக்கப்போய், கீழே போட்டு, அவர் கையை உடைத்ததும் இதே ஆடம்ஸ்தான். 1994-ல் கோபன்ஹேகனில் பார்மாவை 1-0 என்று வென்று ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை. 1-0 என்பதே ஆர்சனலின் முகவரி ஆகிப்போனது, ரசிகர்கள் அதை வைத்தே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் 'சலிப்பான ஆர்சனல்' என்றார்கள். சலிப்புதான், மறுக்கவில்லை.

1996 கோடையில் இங்கிலாந்து மண்ணிலேயே ஐரோப்பியக் கோப்பை. ஆடம்ஸ் கேப்டன். அரையிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில் தோல்வி. அதன் பின்னான வாரங்கள் முழுக்கக் குடியில் கரைந்தன. ஆகஸ்டில் நிறுத்தினார். செப்டம்பரில் தான் ஒரு குடிநோயாளி என்று சக ஆட்டக்காரர்களிடமும் பின்பு உலகத்திடமும் சொன்னார். இங்கிலாந்துக் கேப்டன் ஒருவர் அந்தக் காலத்தில் இதை வாய்விட்டுச் சொல்வது சாதாரணம் இல்லை.

அதே இலையுதிர்காலத்தில் ஆர்சனலுக்கு ஒரு புதிய மேலாளர் வந்தார், ஆர்சன் வெங்கர் என்ற பிரெஞ்சுக்காரர். பெயரே பலருக்குத் தெரியாது. அவர் வந்ததும் சாப்பாடு மாறியது, வேகவைத்த காய்கறி வந்தது, இனிப்பு போனது, தசைகளை நீட்டும் பயிற்சி தினசரி ஆனது. பின்வரிசையில் நிற்பவர்கள் முப்பதைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ இருந்தார்கள். புது மேலாளர் வந்தால் முதலில் பழைய வரிசையைத்தான் கலைப்பார். வெங்கர் கலைக்கவில்லை.

இங்கேதான் தடுப்பாட்டம் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஓடிக் கோல் அடிக்கிறவனுக்கு வேகம் போனால் பாதி ஆட்டம் போய்விடும். சென்டர்பேக்குக்கு அப்படி இல்லை. பந்து எங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் அங்கே நடந்துபோய் நின்றுகொள்ளலாம், ஓடவேண்டியதில்லை. வேர்வை சிந்தி விழுந்து தடுப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோமே, பல சமயம் அது முன்பே ஒரு தப்பான இடத்தில் நின்றதற்கான அபராதம். ஆடம்ஸ் எப்போதுமே வேகமான ஆள் இல்லை, ஆகவே இழக்க வேகமும் இல்லை. 1998-99 பருவத்தைப் பாருங்கள். கோல்கீப்பர் சீமன், டிக்சன், வின்டர்பர்ன், போல்ட், ஆடம்ஸ், மார்ட்டின் கியோன் என்று பின்வரிசையில் எல்லாரும் பருவம் முடிகையில் 32 அல்லது அதற்கு மேல். போல்டுக்கு 36. அந்த 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் 17. இளமையில் சிறைக்குப் போன வருடத்தைவிட ஒன்று குறைவு. இத்தனைக்கும் அந்த வருடம் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியது.

அதற்கு முந்தின வருடம்தான் அந்தப் புகழ்பெற்ற கோல். 1998 மே 3, பழைய ஹைபரி மைதானம், எவர்ட்டன் எதிரணி. ஆர்சனல் 3-0 என்று முன்னிலை, பட்டம் உறுதி. கடைசி நிமிடங்களில் மாற்று ஆளாக வந்திருந்த போல்ட் பந்தை மேலே தூக்கிப் போடுகிறார். அங்கே ஓடி வருவது யார்? ஆடம்ஸ். மார்பில் தாங்கி, இடது காலால் ஒரே அடி. ஒரு சென்டர்பேக் பாஸ் கொடுக்க இன்னொரு சென்டர்பேக் கோல் அடித்தார். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று கை தூக்கிய இருவர். கோல் விழுந்ததும் அவர் துள்ளவில்லை, ஓடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, முகத்தில் வெயில் பட, அப்படியே நின்றார். அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் இரண்டுமே ஆர்சனலுக்கு.

இங்கிலாந்துக்காக 66 ஆட்டங்கள். 2000 மே மாதம் உக்ரைனுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான், இடிக்கப்பட்ட பழைய வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து அடித்த கடைசி கோல். 2002-ல் ஆர்சனல் மறுபடி இரண்டு கோப்பைகளையும் வென்றபோது காயங்களால் லீக்கில் பத்து ஆட்டங்கள்தான் ஆடினார், ஆனாலும் கேப்டன் அவரே. எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று மூன்று பத்தாண்டுகளிலும் பட்டம் வென்ற கேப்டன் ஆங்கிலக் கால்பந்தில் வேறு யாரும் இல்லை. செல்சிக்கு எதிரான அந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம். 2-0. ஆர்சனல் கோல் வாங்கவில்லை.

பிறகு மேலாளராக வைகோம், போர்ட்ஸ்மத், அஜர்பைஜானின் கபாலா, ஸ்பெயினின் கிரனாடா என்று சுற்றினார். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. களத்துக்கு வெளியே அவர் செய்ததில் நிலைத்தது வேறொன்று. ஆடிக்கொண்டிருந்தபோதே 2000-ல், குடி, சூதாட்டம், போதை ஆகியவற்றில் சிக்கிய விளையாட்டு வீரர்களுக்காக 'ஸ்போர்ட்டிங் சான்ஸ்' என்ற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

முதலில் சொன்ன சிலை 2011 டிசம்பரில், கிளப்பின் 125 ஆம் ஆண்டை ஒட்டி, எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. கூடவே இரண்டு பேருக்கு: கோல் அடித்தே பேர்பெற்ற தியரி ஆன்ரி, அப்புறம் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்த அதே ஹெர்பர்ட் சாப்மன். ஆடம்ஸின் சிலை, எவர்ட்டனுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டுக் கைகளை விரித்து நின்ற அந்தக் கோலத்தில் இருக்கிறது. அழகான சிலைதான். ஆனால் 669 ஆட்டங்களில் 48 முறை மட்டும் கோல் அடித்த ஆளுக்குக் கோல் கொண்டாடும் சிலை. என்னைக் கேட்டிருந்தால், வலது கையை மட்டும் உயர்த்தி, முகத்தை லைன்ஸ்மேன் பக்கம் திருப்பி நிற்கிறமாதிரி செய்யச் சொல்லியிருப்பேன்.